போவதற்கு முன் இரண்டு ஆண்டு: சித்தையன்கோட்டைக் கொள்கைப் பிரகடனம்

வெளிநாட்டுப் பள்ளிகளில் ஊதியம் வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறவர்களைத் தயார்செய்ய ஓர் இயக்கம் தொடங்குகிறோம். அதன் முதல் தீர்மானம் இது: அடுத்த இரண்டு ஆண்டுக்கு யாரையும் எங்கும் அனுப்புவதில்லை.

இப்படி அறிவித்தால் வந்த கூட்டத்தில் பாதி எழுந்து போய்விடும் என்று எங்களுக்குள்ளேயே எச்சரித்தார்கள். போகட்டும். விமானம் ஏறும் தேதியைக் கேட்டு வருகிறவர்களுக்கு ஊருக்கு ஊர் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். நன்றாகக் கற்றுக்கொண்டு போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் போக்கிடம் இல்லை. அதைச் சித்தையன்கோட்டையில் உண்டாக்குகிறோம்.

ஏன் இங்கே என்று கேட்பீர்கள். ஆத்தூர் வட்டத்தில் ஒரு சிறு பேரூராட்சி இது. மேற்கே மலை, பக்கத்தில் காமராசர் நீர்த்தேக்கம், பஸ் மாற வேண்டுமென்றால் செம்பட்டி. ஆனால் வெளிநாட்டுப் பயணம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன தாள் வேண்டும், எந்த கம்பெனி சம்பளத்தை இழுத்தடிக்கும், கெடுபிடியான கபீலிடம் (விசா கொடுத்த முதலாளியிடம்) மாட்டினால் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சிலேயே தெரிந்துவிடும். உழைக்கப் போகிறவனுக்கு வேண்டிய படிப்பை ஊரே சேர்த்து வைத்திருக்கிறது. கற்பிக்கப் போகிறவருக்கு அப்படி ஒன்று கிடையாது.

இதைத் தொடங்குகிறவர்கள் யார் என்றால், பி.எட். முடித்துவிட்டு அழைப்புக்குக் காத்திருப்பவர்கள், இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் திண்ணையில் வகுப்பு எடுத்த பெண்கள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வளைகுடாவை முடித்துக்கொண்டு திரும்பிய சிலர். இவர்களில் முதல் வகையினரிடம் ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு 2012-ல் வந்தது. அதில் தேறி, சான்றிதழைப் பீரோவில் வைத்துவிட்டு, தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்கிறவர்களின் ஏக்கம் எங்களுக்குத் தெரியாததல்ல, நாங்களே அவர்கள்தான். ஆனாலும் இந்த இயக்கம் அந்த ஏக்கத்துக்கு மருந்தாகாது. மாலத்தீவுப் பள்ளிகளில் சம்பளத்துக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள், நம் ஆட்கள் போகிறார்கள். அது நல்ல வேலை. போகிறவர்களை வாழ்த்தி அனுப்புவோம். எங்கள் பணி வேறு. வெளிநாட்டில் கால் வைத்துவிட்டால் பிறகு ஒரு வழி பிறக்கும் என்ற கணக்கோடு வருகிறவரை நாங்கள் சேர்த்துக்கொள்ள மாட்டோம்.

நமக்கு முன்னால் இந்த வழியில் போனவர்கள் உண்டு. பிஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போனது; தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் போய்ச் சேர்ந்தார்கள். ஒப்பந்த முறை ஒழிந்த பிறகும் பெரும்பாலோர் அங்கேயே தங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஆள் போதவில்லை. 1926-ல் சாது குப்புசாமி முன்நின்று தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் ராமகிருஷ்ண மிஷனிடம் உதவி கேட்டது. 1937-ல் சுவாமி அவிநாசானந்தர் போனார். 1939-ல் சுவாமி ருத்ரானந்தர் போய்ச் சேர்ந்தார்.

அந்த வரிசையைக் கவனியுங்கள். அங்கே வாழ்ந்தவர்கள் முதலில் கூடினார்கள், சங்கம் வைத்தார்கள், தங்களுக்கு என்ன வேண்டும் என்று பேசி முடிவெடுத்தார்கள். அதன் பிறகுதான் ஆள் கேட்டார்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு யாரும் அவர்களுக்காக இரக்கப்பட்டுக் கப்பல் ஏறவில்லை. எங்கள் இரண்டாவது தீர்மானம் இதிலிருந்து வருகிறது: அங்கே உள்ள ஆசிரியர்களோ, பெற்றோர்களோ, பள்ளியோ எழுத்தில் கேட்காத ஊருக்கு எங்கள் ஆள் போகமாட்டார்.

ருத்ரானந்தரின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். அவர் 1985-ல் காலமாகும் வரை பிஜியிலேயே இருந்தார். 1949-ல் நாந்தியில் விவேகானந்தர் பெயரில் உயர்நிலைப் பள்ளி எழுந்தது. கல்விப் பணிக்கென்று போனவரைக் கரும்புக்காடு இழுத்துக்கொண்டது. 1943-ல் கரும்பு விவசாயிகள் வெட்டமாட்டோம் என்று நின்றபோது வழக்கறிஞர் ஏ. டி. பட்டேலோடு அவரும் நின்றார். 1969-ல் விவசாயிகளுக்கும் ஆலைக்காரர்களுக்கும் இடையிலான தகராறு, நடுவராக அமர்ந்த ஆங்கிலேய நீதிபதி டென்னிங் பிரபுவிடம் வந்தபோதும் விவசாயிகள் பக்கம் அந்த இருவரும் இருந்தார்கள். முடிவு விவசாயிகளுக்குச் சாதகமாக வந்தது. நூற்றாண்டுக்கு அருகில் அங்கே கோலோச்சிய காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி 1973-ல் பிஜியைவிட்டே கிளம்பியது. சங்கத்தின் பள்ளிகளில் இன்று பிஜியின் பூர்வகுடிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

பெருமையான கதைதான். ஆனாலும் எங்கள் தொண்டர்களுக்கு அதை அப்படியே முன்மாதிரியாக வைக்கத் தயங்குகிறோம். அவர் துறவி; வீடு, வாசல், வயதான தாய் தகப்பன் என்று திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லாதவர். நாம் அனுப்பப் போகிறவர் விசாவில் போய் விசாவில் திரும்புகிறவர். அந்த நாட்டுப் போராட்டத்துக்குத் தலைமை ஏற்க அவருக்கு உரிமை இல்லை. ஒன்றை மட்டும் ருத்ரானந்தரிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டில் எதை விற்று அடுப்பு எரிகிறது, அதற்கு என்ன விலை கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கரும்பலகையைத் தொடக்கூடாது. நெல் கொள்முதல் விலையும் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட் விலையும் அறியாதவர் இங்கேயே பாடம் நடத்த லாயக்கில்லை. வெளியூரில் போய் என்ன செய்வார்?

நம்மிடம் வந்தவர்களையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து 1925-ல் மதுரை மிஷனுக்கு வந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தானை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். காந்தியின் பக்கம் சாய்ந்ததற்காக 1930-லும் 1944-லும் அவர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். இரண்டு முறையும் திரும்பி வந்தார். கிராமத்தில், கிராமத்தார் உண்பதை உண்டு வாழ்ந்தார். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளபட்டி அருகே தொடங்கிய காந்திகிராமத்தோடும் அவருக்கு உறவு இருந்தது. இங்கிருந்து பத்திருபது கிலோமீட்டருக்குள் இப்படிப்பட்ட ஒரு முன்னுதாரணம் இருக்க, பயிற்சிக் கையேட்டை வேறு கண்டத்திலிருந்து வரவழைக்கத் தேவையில்லை.

இன்னொரு விதமாகவும் வந்தார்கள். 1961-ல் அமெரிக்க அதிபர் கென்னடி தொடங்கிய பீஸ் கோர் எனும் அமைதிப் படையின் இளைஞர்கள் அந்த ஆண்டிலிருந்து 1976 வரை இந்தியாவில் இருந்தார்கள். கோழிப்பண்ணை, பயிர், பள்ளி என்று பல வேலை செய்தார்கள். கல்லூரியை முடித்த கையோடு வந்த அவர்களில் பலருக்கு, தாங்கள் சொல்லிக்கொடுக்க வந்த தொழிலில் கிராமத்துக் கிழவிக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாது. அந்த அமைப்பிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: இன்றும் அதன் பணிக்காலம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம், போன நாட்டிலேயே ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி மொழி பழகுவதற்கு. இரண்டு வாரத்துக்குப் போய் வகுப்பறைச் சுவரில் சாயம் பூசி, பிள்ளைகளோடு படம் எடுத்துத் திரும்புகிற வியாபாரம் அதற்குப் பிறகு வந்தது. எங்கள் தொண்டருக்குக் குறைந்தது ஒரு முழுக் கல்வியாண்டு. அதற்குக் குறைந்த அழைப்பை ஏற்கமாட்டோம்.

இப்போது இலங்கையின் மலையகம். எங்கள் கண் முதலில் போவது அங்கேதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இலங்கையின் கோப்பி, பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கு 1823 முதல் போனவர்களில் அன்றைய மதுரை மாவட்டத்தார் ஏராளம்; திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். 1948-ன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது. அப்படி வந்தவர்கள் நம் கொடைக்கானல் மலையிலும் குடியமர்ந்தார்கள். இலங்கையிலேயே தங்கிவிட்டவர்களின் பள்ளிகள் 1970-கள் வரை தோட்டக் கம்பெனிகளின் கையில் கிடந்தன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்ற அந்தக் காலத்தின் சுவடு முழுதாக அழியவில்லை. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆள் பற்றாக்குறை என்பது அங்கே தொடர்ந்து கேட்கும் குரல்.

அதனால் இந்தியாவிலிருந்து ஆசிரியர்களைக் கொண்டுவரலாம் என்ற யோசனை அங்கே எழுந்தது. ஆசிரியர் சங்கத்தார் எதிர்த்தார்கள். எங்கள் மலையக இளைஞர்கள் பட்டம் வாங்கி வேலையில்லாமல் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்பது எதிர்ப்பின் சாரம். நம்மில் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள், உதவிக்கு வருகிறவனைத் தடுக்கலாமா என்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் பதில்: அந்தச் சங்கத்தார் சொல்வது சரி. சித்தையன்கோட்டைப் பள்ளியில் காலியிடம் விழுந்து, நம் பிள்ளைகள் தகுதித் தேர்வு எழுதிக் காத்திருக்கையில், சும்மா செய்கிறேன் என்று வேறு நாட்டுக்காரர் ஒருவர் வந்து நின்றால் நாம் மாலை போடுவோமா?

எனவே அறிவிக்கிறோம். சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய இடத்தில் எங்கள் தொண்டர் உட்காரமாட்டார். இலவசமாக ஒருவர் கிடைக்கிறார் என்பதால் எந்த அரசும் எந்த நிர்வாகமும் ஓர் ஆசிரியரைக் குறைத்தால் எங்கள் தொண்டர் மறுநாளே கிளம்பிவிடுவார். அவர் போவது அங்குள்ள ஓர் இளைஞருக்கு, ஓர் ஆசிரியைக்குத் துணையாக. மாலை வகுப்புக்கு, பரீட்சைக்கு முன்னான கணக்குப் பயிற்சிக்கு, கேட்டால் ஆசிரியர் பயிற்சிக்கு. போன நாளிலிருந்தே தன் இடத்துக்கு அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பழக்க வேண்டும். ஆண்டு முடிவில் எங்கள் தொண்டரைத் தேடுகிறவர்கள் இருந்தால் அந்த வேலை சரியாக நடக்கவில்லை என்றே எங்கள் ஏட்டில் எழுதுவோம்.

மலையகத்துக்கும் தமிழ் தெரிந்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். அங்கே பிள்ளை எழுதுவது கல்விப் பொதுத் தராதரப் பரீட்சை. பாடத்திட்டம் வேறு, கேள்வித்தாள் வேறு. வேதியியல் என்று நாம் கற்பித்தால் அந்தப் பிள்ளையின் புத்தகத்தில் இரசாயனவியல் என்றிருக்கும், ஆக்சிஜன் அங்கே ஒட்சிசன். அவர்களுடைய பாடநூலை வரவழைத்து, அவர்களுடைய சொல்லிலேயே இங்கே வகுப்பெடுத்துப் பழகவேண்டும். சிங்களமும் வேண்டும். பஸ்ஸில், அலுவலகத்தில், வலயக் கல்வி அலுவலகத்தில் அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அதைப் பழகிக்கொள்ள மனம் வராத தமிழ்ப் பற்றாளர் எவ்வளவு பெரிய புலவராக இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம்.

இந்தப் புலவர் விஷயத்தில் இன்னும் ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவில், ரீயூனியனில், மியான்மரில் தமிழ் மங்கிவிட்டது என்று மேடையில் கண்ணீர் விடுவது நமக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. 1860-ல் டர்பனில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் நம் இரக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. தமிழ் கேட்டால் தமிழ் சொல்லித்தருவோம், கணக்குக் கேட்டால் கணக்கு, நீச்சல் கேட்டால் தெரிந்தவரை அனுப்புவோம். யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில் பிறந்த தனிநாயகம் அடிகள் 1940-களின் தொடக்கத்தில் வடக்கன்குளம் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். வந்த இடத்தில் ஒரு பண்டிதரிடம் உட்கார்ந்து தமிழ் இலக்கியத்தை முறையாகப் பாடம் கேட்டார். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையை நடத்தி, 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூட முன்நின்றவர் அவர். கற்பிக்கப் போன ஊரில் மாணவராக உட்கார்ந்தவர் அவ்வளவு தூரம் போனார்.

இரண்டு ஆண்டில் என்ன நடக்கும்? முதலில் இங்கேயே மாலை வகுப்பு. ஒரே அறையில் இரண்டாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் எட்டாம் வகுப்பில் தோற்றவரும் சேர்ந்து இருப்பார்கள். பல வகுப்பை ஒருவரே பார்ப்பது எப்படி என்று கற்றுத்தர, செயல்வழிக் கற்றல் அட்டைகளோடு பல ஆண்டு மல்லுக்கட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு வகுப்பெடுத்த பெண்கள் இருக்கிறார்கள். கொரோனாவில் எழுத்தையே மறந்துவிட்ட பிள்ளைகளை, மின்விசிறி இல்லாத திண்ணையில், அழுகிற கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டிக் கழிக்கவைத்தவர்கள். பி.எட். தாளில் காட்டமுடியாத தேர்ச்சி அது. பயிற்சிக்கு அவர்கள் தலைமை ஏற்பார்கள். முதுகலைப் பட்டதாரிகள் அவர்களிடம் பாடம் கேட்பார்கள். இதற்குச் சம்மதமில்லாதவர் இப்போதே சொல்லிவிடலாம்.

மொழிப் பயிற்சிக்கு எங்களுக்குக் கிடைத்திருக்கும் ஆசிரியர்களைப் பார்த்தால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஜெத்தாவில் லாரி ஓட்டியவர், ஷார்ஜாவில் மெஸ் நடத்தியவர். எழுத்தே தெரியாமல் அரபியையும் மலையாளத்தையும் இந்தியையும் காதால் வாங்கிப் பேசக் கற்றவர்கள். புத்தகம் இல்லாமல், இலக்கணம் இல்லாமல், சிரிக்கிறார்களே என்று கூசாமல் ஒரு மொழிக்குள் இறங்குவது எப்படி என்பதை எந்தப் பல்கலைக்கழகத்தைவிடவும் அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். பாஷை தெரியாத ஊரில் காய்ச்சலில் கிடப்பது, தனிமை, பெருநாளன்று அல்லது பொங்கலன்று மனம் படும் பாடு, இவற்றையும் அவர்கள்தான் சொல்ல முடியும். சமையல், துணி துவைத்தல், மின்சாரம் இல்லாத இரவு, எல்லாம் பாடத்தில் உண்டு. இதுவரை சோறு வடிக்காத ஆண்பிள்ளைகள் முதல் மாதமே அடுப்படியில் நிற்பார்கள்.

தாள்கள் பற்றிச் சுருக்கமாக. சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்துவது சட்டமீறல். அதற்குத் துணை போகமாட்டோம். தொண்டு செய்யப் பணம் கட்டு என்று கேட்கும் அமைப்போடு உறவு வைக்கமாட்டோம், தொண்டரிடமும் பணம் வாங்கமாட்டோம். வேலைக்கே போகிறவர்கள் எங்களிடம் விசாரித்தால், பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் என்பதைச் சொல்லி அனுப்புவோம். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

அநாதை இல்லங்களுக்குப் போகமாட்டோம். கம்போடியாவில் வெளிநாட்டுத் தொண்டர்களும் அவர்கள் கொண்டுவந்த காசும் பெருகப் பெருக இல்லங்களும் பெருகின. அங்கே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது பிறகு தெரியவந்தது. போகிற எந்தப் பள்ளியிலும் எங்கள் தொண்டர் பிள்ளைகளைப் படம் எடுத்து வெளியிடமாட்டார். தனி அறையில் தனிப் பிள்ளைக்கு வகுப்பெடுக்கமாட்டார். காவல்துறைச் சான்று இல்லாமல் எவரும் கிளம்பமுடியாது, தலைமைக்குழுவினர் பிள்ளைகளானாலும்.

பெண்கள் போவார்களா என்று கேட்கிறார்கள். போவார்கள், தயாரிப்பில் முன்னால் இருப்பவர்களே அவர்கள்தான். அத்தாமார்களும் அப்பாமார்களும் தயங்குவதை நாங்கள் பழமை என்று தள்ளமாட்டோம். இருவர் இருவராக அனுப்புவோம். தங்கும் வீட்டாரோடு கிளம்பும் முன்பே குடும்பத்தைப் பேசவைப்போம். போக வேண்டாம் என்று அந்தப் பெண்ணே சொன்னால் ஒழிய, வேறு யாருடைய வேண்டாம் என்ற சொல்லும் எங்களுக்கு முடிவல்ல; ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் யாரையும் ஏற்றிவிடமாட்டோம். இதில் சச்சரவு வரும். வரட்டும், உட்கார்ந்து பேசுவோம்.

மதப் பிரசாரம் இல்லை, கட்சிக் கொடி இல்லை. நன்கொடை இந்த ஊராரிடமும் போய்வந்தவர்களிடமும் மட்டும். வரவு செலவை ஆண்டுக்கு ஒரு முறை எல்லார் முன்னாலும் வாசிப்போம். திரும்பி வந்தவர் ஓராண்டு மாலை வகுப்பில் பாடம் எடுத்தே ஆக வேண்டும், விருதோ பாராட்டுக் கூட்டமோ கிடையாது. இயக்கத்துக்குப் பெயர் வைப்பதைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். அதில் தொடங்கினால் லெட்டர்பேடு, பொறுப்பாளர் பட்டியல், போஸ்டர் என்று போய்விடும்.

சேர விரும்புகிறவர்கள் உங்கள் தெருவில் வகுத்தல் கணக்கு வராத ஒரு பிள்ளையைக் கண்டுபிடியுங்கள். ஒரு மாதம் சொல்லிக்கொடுங்கள். பிறகு அந்தப் பிள்ளையையும் அதன் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாங்கள் பேசப்போவது அவர்களிடம். பயோடேட்டா, போட்டோ, பாஸ்போர்ட் நகல் எதுவும் அப்போது வேண்டாம்.